பாக் விரிகுடாவின் வத்தையும் மரக்கப்பல் மாதிரிக் கலையும்

வத்தை என்பது தமிழகத்தின் பாக் விரிகுடாக் கரையில் வழங்கிய பலகைப் பாய்மரப் படகு. வேதாரண்யம், அதிராம்பட்டினம் முதல் தொண்டி, இராமேஸ்வரம் வரையிலான கரையில் மீன்பிடிக்கப் பயன்பட்டது. தமிழகக் கரையின் பழைய பலகைப் படகுகளில் பலவற்றுக்குப் பலகைகளை முதலில் இணைத்த பிறகே உட்சட்டங்கள் பொருத்தப்பட்டன. வத்தை அப்படி அல்ல. முதலில் அடிமரம், அடுத்து விலாச் சட்டங்கள், கடைசியாகப் பலகைகள் என்ற வரிசையில் அது உருவாயிற்று. இன்று கடையில் 'கிட்' என்று விற்கப்படும் மரக்கப்பல் மாதிரிப் பெட்டியை வாங்கும் புதியவர் செய்யும் வேலையும் இதே வரிசையில்தான் நடக்கிறது. இந்த ஒற்றுமையின் வரலாற்றையும், முதல் மாதிரியாக ஒரு வத்தையைச் செய்ய முயல்பவருக்குத் தேவையான செய்திகளையும் இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

படகின் அமைப்பு

பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். மணல் திட்டுகளும் சேறும் நிறைந்தது. இத்தகைய கடலில் ஆழமாக அமிழும் கப்பல் தரைதட்டும். எனவே வத்தைக்குத் தட்டையான அடியும், ஏறக்குறைய செங்குத்தான பக்கங்களும் அமைந்தன. குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஒரு பெட்டி போலத் தெரியும்.

தட்டை அடி கொண்ட படகில் ஒரு குறை உண்டு. பக்கவாட்டில் காற்று அடிக்கும்போது அது நேராகச் செல்லாமல் காற்றின் போக்கில் சறுக்கும். இதைத் தடுக்கப் படகின் பக்கத்தில் ஒரு பலகையை நீருக்குள் இறக்கினார்கள். படகு ஒருபுறம் சாய்வதைத் தடுக்க வேறொரு நீண்ட பலகையைக் குறுக்கே வைத்துக் காற்று வரும் பக்கமாக வெளியே நீட்டினார்கள். காற்று வலுக்கும்போது ஆட்கள் அப்பலகையின் மீது ஏறிக் கடலுக்கு மேலே அமர்ந்து கொள்வார்கள். காற்று கூடினால் ஒரு ஆள் கூடுவார். கட்டுமரமும் மசூலாவும் ஓடிய சோழமண்டலக் கரையின் பிற பகுதிகளிலிருந்து பாக் விரிகுடாவைப் பிரித்துக் காட்டும் அடையாளம் இந்தப் பலகைதான்.

பெரிய வத்தைகளில் மூன்று பாய்மரங்கள் வரை இருந்தன. பாய் முக்கோணம் போலத் தோன்றும். முன்மூலை மட்டும் சற்று வெட்டப்பட்டிருக்கும். பாயைத் தாங்கும் சாய்மரத்துக்குப் பருமல் என்றும், அதை ஏற்றும் கயிற்றுக்கு ஆஞ்சான் என்றும், பாயின் பின்மூலையை இழுத்துக் கட்டும் கயிற்றுக்குத் தாமான் என்றும் பெயர். படகின் முன்பகுதி அணியம். அடிமரம் ஏரா அல்லது ஏராக்கட்டை. விலாச் சட்டம் வங்கு. பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்துக் குங்கிலியமும் எண்ணெயும் கலந்த பூச்சால் அடைப்பது கலப்பற்று. படகு கட்டும் தச்சரை இக்கரையிலும் யாழ்ப்பாணக் கரையிலும் ஓடாவி என்பர். தமிழில் ஒரு மாதிரிக் கப்பலுக்கு விளக்கம் எழுத விரும்பும் மாணவர் சொற்களைப் புதிதாக உருவாக்க வேண்டியதில்லை. அவை ஏற்கனவே கரையில் இருக்கின்றன.

வங்கு முதலா, பலகை முதலா?

படகு கட்டும் முறைகளை ஆய்வாளர்கள் இரண்டாகப் பிரிக்கின்றனர். பலகைகளை ஒன்றோடொன்று இணைத்து ஓட்டை முதலில் உருவாக்கி, உட்சட்டங்களைப் பிறகு பொருத்துவது ஒரு முறை. இதில் படகின் வடிவம் ஓடாவியின் கண்ணில் இருக்கிறது. பலகை வளையும் போக்கில் வடிவம் வருகிறது. சென்னைக் கரையின் மசூலா படகு கயிற்றால் தைக்கப்பட்டது. அதற்கு உட்சட்டமே இல்லை. சட்டங்களை முதலில் நிறுத்தி அவற்றின் மேல் பலகை அறைவது இரண்டாவது முறை. இதில் பலகை வருவதற்கு முன்பே படகின் வடிவம் முடிவாகிவிடுகிறது. அதாவது யாரோ ஒருவர் ஒவ்வொரு சட்டத்தின் அளவையும் முன்கூட்டியே கணக்கிட்டிருக்க வேண்டும்.

அந்தக் கணக்கு எப்படி நடந்தது என்பதை 1990-களின் பிற்பகுதியில் தமிழகக் கரைக்கு வந்த பிரிட்டிஷ் படகுத் தொல்லியல் ஆய்வாளர்கள் நேரில் பார்த்துப் பதிவு செய்தனர். எரிக் கென்ட்லி, ஷான் மெக்ரெயில், லூசி புளூ ஆகியோர் வத்தையைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரை 1998-ல் வெளிவந்தது. இவர்களும் கோலின் பாமரும் சேர்ந்து எழுதிய தென்னாசியப் படகுகள் பற்றிய நூல் 2003-ல் வெளியானது.

முறை இதுதான். படகின் நடுவில் நிற்கும் வங்கின் அச்சு முதலில் வரையப்படுகிறது. படகின் நடுப்பகுதியில் வங்குகள் ஒரே அளவில் இருக்கும். அணியத்தை நோக்கியும் பின்புறத்தை நோக்கியும் செல்லச் செல்ல ஒவ்வொரு வங்கும் சிறிது குறுகும், சிறிது உயரும். எவ்வளவு குறுக வேண்டும், எவ்வளவு உயர வேண்டும் என்பதற்குப் பலகையில் கோடுகள் உண்டு. முதல் குறைவு மிகச் சிறியது. அடுத்தது சற்றுக் கூடுதல். இப்படிப் படிப்படியாகக் குறைவு வளர்வதால்தான் படகின் பக்கம் முறிவில்லாமல் வளைகிறது. ஒரே அளவாகக் குறைத்துக் கொண்டே போனால் நேர்கோடுதான் கிடைக்கும். இரு முனைகளிலும் உள்ள சில வங்குகளுக்கு மட்டும், மெல்லிய சட்டத்தை வளைத்து வைத்துப் பார்த்து அளவெடுப்பார்கள்.

இந்த முறை, வெனிசிலும் போர்த்துகலிலும் பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் கப்பல் வடிவம் கணக்கிட்ட முறையை நெருக்கமாக ஒத்திருக்கிறது. எனவே ஐரோப்பியர், குறிப்பாகப் போர்த்துகீசியர் வழியே இது இக்கரைக்கு வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. அதற்கான வாய்ப்புகள் இக்கரையில் நிறையவே இருந்தன. மண்டபத்துக்கு அருகிலுள்ள வேதாளையில் 1538-ல் போர்த்துகீசியப் படையும் மரக்காயர் கப்பற்படையும் மோதின.  எனினும் ஒற்றுமை வேறு, சான்று வேறு என்பதை மாணவர் நினைவில் கொள்ள வேண்டும். கடன் வாங்கியது என்றே வைத்துக் கொண்டாலும், ஐரோப்பாவின் கட்டுத்துறைகளில் வழக்கொழிந்துபோன ஒரு கணக்கை நானூறு ஆண்டுகளுக்குப் பின்னும் கையில் வைத்திருந்தவர்கள் தமிழக ஓடாவிகள். அதுவே பெரிய செய்தி.

ஏட்டிலும் கப்பற்கலை இல்லாமல் இல்லை. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் 1950-ல் 'கப்பல் சாத்திரம்' என்ற சுவடியை அச்சிட்டது. ஏராவின் அளவுகளும் நாள் பொருத்தமும் அதில் பேசப்படுகின்றன. ஆனால் வங்கு குறையும் கணக்கைக் கற்க வேண்டுமென்றால் ஏடு போதாது. கட்டுபவரின் பக்கத்தில் நிற்க வேண்டும்.

அப்படி நின்ற சிறுவர்களுள் ஒருவர் பின்னாளில் குடியரசுத் தலைவரானார். இராமேஸ்வரத்தில் 1931-ல் பிறந்த ஆ. ப. ஜெ. அப்துல் கலாம், தமக்கு ஆறு வயது அளவில் இருந்தபோது தந்தை ஜைனுலாப்தீன் உறவினரான அகமது ஜலாலுதீனுடன் சேர்ந்து கடற்கரையில் பாய்மரப் படகு கட்டியதை 'அக்னிச் சிறகுகள்' நூலில் விவரிக்கிறார். யாத்திரிகர்களை இராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு அழைத்துச் செல்வதற்காகக் கட்டப்பட்ட படகு அது. விறகுத் தீயின் சூட்டில் மரம் பதப்படுத்தப்பட்டதைச் சிறுவன் கவனித்திருக்கிறான். பின்னர் வந்த ஒரு புயல் அந்தப் படகைக் கொண்டுபோயிற்று.

பாக் நீரிணையின் மறுகரையில் நடந்த ஒரு நிகழ்ச்சியும் இங்கே குறிப்பிடத் தக்கது. வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தால் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற இரட்டைப் பாய்மரக் கப்பலை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்க மாலுமி வாங்கினார். ஊர் மாலுமிகள் அதை ஓட்டிச் சென்று 1938-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தனர். கரையோரத் தச்சரின் கைக்கணக்கு அட்லாண்டிக் கடலைத் தாங்கியது.

மாதிரிகளைச் செய்தவர்கள்

மாதிரிப் படகு செய்யும் வழக்கம் மிகப் பழமையானது. எகிப்தில் மெக்கெத்ரே என்ற அதிகாரியின் கல்லறையில், ஏறக்குறைய நாலாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட மரப்படகு மாதிரிகள் 1920-ல் கண்டெடுக்கப்பட்டன. சமையல் படகு, மீன்பிடிப் படகு உட்பட அவற்றில் ஆட்களின் உருவங்களும் இருக்கின்றன. இங்கிலாந்தில் பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் போர்க்கப்பல்களின் மாதிரிகள் நுணுக்கமாகச் செய்யப்பட்டன. அவற்றில் பெரும்பாலும் 48-ல் ஒரு பங்கு அளவு பின்பற்றப்பட்டது. நீர்மட்டத்துக்குக் கீழே பலகை அறையாமல் விட்டு, விலாச் சட்டங்கள் வெளியே தெரியும்படி செய்வது அவற்றின் சிறப்பு.

இந்தியப் படகுகளை மாதிரியாக்கியவர்கள் பெரும்பாலும் வெளியார். பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி பிரான்சுவா எட்மண்ட் பாரி (1806–1893) மூன்று உலகப் பயணங்களில் தாம் கண்ட படகுகளை அளந்து வரைந்து, 1841 முதல் 1843 வரை பெரும் நூலாக வெளியிட்டார். சோழமண்டலக் கரையின் கட்டுமரம், சலங்கு, தோணி ஆகியவை அதில் உண்டு. 1871-ல் பாரிஸ் கடற்படை அருங்காட்சியகத்தின் பொறுப்பை ஏற்ற பிறகு, தம் வரைபடங்களைக் கொண்டு மாதிரிகளையும் செய்வித்தார்.

பாக் விரிகுடாவைப் பொறுத்தவரை முக்கியமானவர் ஜேம்ஸ் ஹோர்னல் (1865–1949). முத்துக் குளிப்பு ஆய்வுக்காக இலங்கைக்கு வந்து, பின்னர் சென்னை மாகாண மீன்துறையில் சேர்ந்து அதன் இயக்குநரானவர். 1920-ல் வங்காள ஆசியச் சங்கம் வெளியிட்ட இந்தியப் படகு வடிவங்கள் பற்றிய இவரது ஆய்வில், வெளியே நீட்டும் சமன் பலகை விரிவாகப் பேசப்படுகிறது. இந்தோனேசியத் தீவுகளின் பக்கமிதவைப் படகுகளோடு அதற்குத் தொடர்பு கண்டார். அந்த முடிவை இன்று எல்லோரும் ஏற்பதில்லை. ஆனாலும் படகு வடிவங்களைப் பற்றிய அவரது வருணனைக்கு மதிப்புக் குறையவில்லை.

பெட்டியில் வரும் கப்பல்

கப்பல் மாதிரியைச் சாதாரண மக்களின் பொழுதுபோக்காக மாற்றியவை இருபதாம் நூற்றாண்டின் கிட் நிறுவனங்கள். அமெரிக்காவில் 1946-ல் தொடங்கிய மாடல் ஷிப்வேஸும், டென்மார்க்கில் 1958-ல் தொடங்கிய பில்லிங் போட்ஸும் பலரும் அறிந்தவை. இவற்றின் பட்டியல்களில் நெல்சனின் விக்டரி, தேயிலைக் கப்பலான கட்டி சார்க் போன்ற மேலைநாட்டுக் கலங்களே நிறைந்திருக்கும்.

பெட்டியில் ஒட்டுப்பலகையால் ஆன அடிமரம், வெட்டப்பட்ட குறுக்குச் சட்டங்கள், மெல்லிய மரப் பட்டைகள், பாய்மரத்துக்கான உருண்டைக் குச்சிகள், நூல், சிறு பித்தளை ஆணிகள், பாய்த்துணி, வரைபடம் ஆகியவை இருக்கும். அடிமரத்தில் உள்ள பிளவுகளில் சட்டங்களைச் செருகி ஒட்டி, அவற்றின் மேல் பட்டைகளை அறைய வேண்டும். வங்கு குறையும் கணக்கை நிறுவனத்தின் வரைவாளர் முன்பே செய்து வைத்துவிடுகிறார். வத்தை கட்டும் ஓடாவி பலகைக் கோடுகளால் செய்ததை இங்கே இயந்திரம் வெட்டித் தருகிறது, வேறுபாடு அவ்வளவே.

புதியவர்கள் பெரும்பாலும் மூன்று தளப் போர்க்கப்பலில் தொடங்கிப் பாதியில் விட்டுவிடுவார்கள். நூறு பீரங்கியும் ஆயிரம் முடிச்சும் கொண்ட கப்பல் முதல் வேலைக்கு உரியதல்ல. தட்டை அடியும் சில சட்டங்களும் உள்ள சிறு படகில் தொடங்குவதே நல்லது என்பது அனுபவமுள்ளவர்களின் பொதுவான கருத்து. வட அமெரிக்க மீனவரின் டோரி படகு அதற்காகவே கிட்டாக விற்கப்படுகிறது. தட்டை அடி, நேர் பக்கம், நடுவில் ஒரே அளவு வங்குகள் என்று பார்த்தால் வத்தையும் அதே தகுதி உடையது.

முதல் மாதிரியாக வத்தை

அளவைத் தேர்ந்தெடுப்பது முதல் வேலை. 24-ல் ஒரு பங்கு என்ற அளவு இதற்கு மிகவும் பொருத்தமானது. ஆங்கில அளவில் ஓர் அடி அரை அங்குலம் ஆகும். நம் பழைய அளவில் இன்னும் எளிது. 12 விரல் ஒரு சாண், இரண்டு சாண் ஒரு முழம்; ஆக 24 விரல் ஒரு முழம். எனவே படகில் ஒரு முழம் மாதிரியில் ஒரு விரல். 27 முழ நீளமுள்ள படகு 27 விரல் நீள மாதிரியாகும். அதாவது ஏறக்குறைய 20 அங்குலம். மேசை மேல் வைக்க ஏற்ற அளவு.

அடுத்து ஏரா. மாதிரி கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ஒட்டுப்பலகை சிறிது முறுக்கியிருந்தாலும் முழுப் படகும் முறுக்கும்; பின்னர் எதைச் செய்தும் நேராக்க முடியாது. கண்ணுக்கு நேரே பிடித்து நீளவாக்கில் பார்த்து, வளைவு இருந்தால் ஈரப்படுத்தி, தட்டையான பலகையில் எடை ஏற்றி ஓரிரு நாள் வைக்க வேண்டும்.

வங்குகளைப் பசையிடாமல் முதலில் செருகிப் பார்ப்பது நல்லது. ஒவ்வொன்றும் ஏராவுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். மூலைமட்டம் இல்லாதவர் ஒரு தீப்பெட்டியை வைத்தே சரிபார்க்கலாம். பிறகு ஒரு மெல்லிய மரப் பட்டையை எல்லா வங்குகளின் மீதும் வளைத்து வைத்துப் பார்க்க வேண்டும். ஏதேனும் ஒரு வங்கில் பட்டை படாமல் இடைவெளி தெரிந்தால் அந்த வங்கு தாழ்ந்திருக்கிறது. ஒரு வங்கில் பட்டை முட்டி மடிந்தால் அது உயர்ந்திருக்கிறது. தாழ்ந்ததில் மரச்சீவலை ஒட்டியும், உயர்ந்ததை உப்புத்தாளால் தேய்த்தும் சமப்படுத்துவர். ஓடாவி முனை வங்குகளுக்கு அளவெடுக்கச் சட்டத்தை வளைத்துப் பார்ப்பதும் இதே வேலைதான். முனைகளுக்கு அருகிலுள்ள வங்குகளின் விளிம்பைச் சரிவாகத் தேய்க்க வேண்டும்; இல்லாவிட்டால் பலகை விளிம்பின் ஒரு நுனியில் மட்டுமே படும்.

பலகை அறைவது பொறுமையைச் சோதிக்கும் பகுதி. வங்குகளின் சுற்றளவு நடுவில் அதிகம், முனையில் குறைவு. எனவே ஒரே அகலப் பட்டைகளை அப்படியே அடுக்கினால் முனையில் இடம் போதாது. பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஒவ்வொரு பட்டையையும் முனை நோக்கிச் சற்றுக் குறுக்கிச் சீவ வேண்டும். வளைய மறுக்கும் பட்டையைத் தண்ணீரில் ஊற வைத்துச் சூடு காட்டினால் வளையும். ஒருபுறம் ஒரு பட்டை, மறுபுறம் ஒரு பட்டை என்று மாற்றி மாற்றி ஒட்ட வேண்டும். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கத்துக்கு வந்தால் பசை காயும்போது ஏரா இழுபட்டு வளைந்துவிடும். பலகையின் பசை நன்கு காயாமல் தேய்க்கத் தொடங்குவதும் புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை.

ஒரு பக்கத்தின் கீழ்ப்பகுதியைப் பலகையில்லாமல் விடலாம். பதினேழாம் நூற்றாண்டு ஆங்கில மாதிரிகள் போல வங்குகள் வெளியே தெரியும். வத்தையின் சிறப்பே வங்குகளில் இருப்பதால் இது வெறும் அலங்காரம் ஆகாது. அதோடு வேலையும் மிச்சம்.

பாய்மரம், பருமல், ஆஞ்சான், தாமான் ஆகியவை ஐரோப்பியக் கப்பலோடு ஒப்பிடச் சொற்பமே. கயிற்றுக்குக் கருப்பு நூல் வேண்டாம். தார் பூசிய கயிறு மேலைக் கப்பல்களுக்கு உரியது. தென்னை நார்க் கயிற்றுக்குப் பழுப்பு நூலே பொருந்தும். சமன் பலகையைப் படகோடு ஒட்டிவிடாமல், இரு பக்கமும் நகர்த்தும்படி வைத்தால் அதன் பயன் பார்ப்பவருக்கு விளங்கும்.

அளந்து வைக்க வேண்டியவை

கிட் இல்லாத படகுக்கு மாதிரி செய்ய வரைபடம் வேண்டும். வரைபடத்துக்கு ஒரு படகு வேண்டும். இயந்திரப் படகும், அதன்பின் கண்ணாடியிழைப் படகும் பரவியதால் பாய் விரித்த மரப்படகுகள் அருகிவிட்டன. கரையில் ஏற்றிக் கிடக்கும் பழைய மரப்படகு ஒன்றைக் காணும் மாணவர், உரியவரின் அனுமதியோடு, ஒரு மணி நேரத்தில் அதை அளந்துவிடலாம். அளவுநாடா, தூக்குக்குண்டு கட்டிய நூல், ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

மொத்த நீளத்தையும் ஏராவின் நீளத்தையும் தனித்தனியே எழுத வேண்டும். வங்குகளின் எண்ணிக்கை, ஒரு வங்குக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி, நடுவில் எத்தனை வங்குகள் ஒரே அளவில் உள்ளன என்பவை அடுத்தவை. பிறகு ஒவ்வொரு வங்கிலும் அடியின் அகலம், மேல்விளிம்பின் அகலம், ஏராவிலிருந்து மேல்விளிம்பு வரை உயரம் ஆகிய மூன்று அளவுகள். இவற்றை வரிசையாக எழுதிப் பக்கத்து எண்களைக் கழித்துப் பார்த்தால், ஓடாவியின் பலகையில் இருந்த கோடுகள் நோட்டில் எண்களாக வந்து நிற்கும். படகைக் கட்டியவர் அருகில் இருந்தால் மரத்தின் பெயரையும், ஒவ்வோர் உறுப்பையும் அந்த ஊரில் எப்படிச் சொல்கிறார்கள் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். தொண்டியில் ஒரு சொல்லும் பாம்பனில் வேறொரு சொல்லும் வரக்கூடும். இரண்டையும் ஊர்ப்பெயரோடு அப்படியே பதிவது நல்லது.